ஓய்வுக்காலத்துப் புத்தக அலமாரி: அடுக்கவும் காக்கவும் வாசிக்கவும்

கை படாமல் கிடக்கும் புத்தகத்துக்குத்தான் எல்லாக் கேடும் வருகிறது. பூச்சிக்கு இருட்டும் அமைதியும் வேண்டும். பூஞ்சைக்குக் காற்று புகாத மூலை வேண்டும். வீட்டில் மனஸ்தாபம் வர, "இதையெல்லாம் யார் தொடுகிறார்கள்?" என்ற ஒரு கேள்வியே போதும். ஆகவே, ஒவ்வொரு புத்தகமும் வருடத்துக்கு இரண்டு முறையாவது கைக்கு வரும்படி வீட்டை அமைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிரி என்பது. பொது நூலகத்தில் இரண்டும் ஒத்துப்போகும். வீட்டில் இரண்டும் இடத்துக்காக மோதிக்கொள்ளும். அதனால் அடுக்குவதற்கு முன் இறக்க வேண்டும்.

இறக்குவதும் பிரிப்பதும்

ஒரு நாளைக்கு ஒரு தட்டு. அதற்கு மேல் வேண்டாம். சாதாரண அளவுப் புத்தகங்கள் ஒரு மீட்டர் நீளத்துக்கு நின்றால் எடை சுமார் 30 கிலோ வரும்; பெரிய அகராதிகளும் கலைப் புத்தகங்களும் இன்னும் கனம். ஐந்தாறு புத்தகத்துக்கு மேல் ஒரு கையடக்கில் தூக்க வேண்டாம். மேல்தட்டை எட்ட நாற்காலி மீது ஏறாதீர்கள். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உள்ள படி இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் வீட்டில் இளையவர் யாரையாவது இறக்கித் தரச் சொல்லுங்கள்.

எடுக்கும் முறையிலேயே பல புத்தகங்கள் கிழிகின்றன. முதுகின் மேல்விளிம்பில் விரலை மாட்டி இழுப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். நாலைந்து வருடத்தில் அந்த விளிம்பு பிய்ந்து தொங்கும். இரண்டு பக்கமும் உள்ள புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுப் புத்தகத்தை அதன் முதுகின் நடுப்பகுதியில் பிடித்து எடுங்கள்.

மேசையில் வெள்ளைத்துணி விரித்து அதன் மேல் வையுங்கள். விழும் தூளும் ஓடும் பூச்சியும் வெள்ளையில்தான் தெரியும். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, 4 செ.மீ. அகலமுள்ள மெல்லிய மயிர்த் தூரிகையால் மேல்விளிம்பை முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். எதிர்த்திசையில் துடைத்தால் தூசி முதுகுக்குள் இறங்கி அங்கேயே தங்கும். ஈரத்துணி கூடாது. வீட்டைத் துடைப்பவரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் ஈரத்துணியால் துடைத்த அலமாரிகளில்தான் பூஞ்சை முதலில் வருகிறது.

பிறகு கட்டைவிரலால் பக்கங்களை முழுக்க ஓட்டிப் பாருங்கள். கடிதம், புகைப்படம், ரசீது, சான்றிதழ், பணம் எல்லாம் புத்தகத்துக்குள்தான் இருக்கும். உலோகக் கிளிப், ரப்பர் பேண்ட், காய்ந்த பூ, அடையாளத்துக்கு வைத்த செய்தித்தாள் துண்டு ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். கிளிப் துருப்பிடிக்கும்; ரப்பர் உருகி ஒட்டும்; செய்தித்தாளின் அமிலம் அது தொட்ட பக்கத்தில் பழுப்புக் கட்டம் போட்டுவிடும்.

இனிப் பிரிப்பது. வாசிக்கப் போவது, அடிக்கடி புரட்டிப் பார்ப்பது, வாசிக்காவிட்டாலும் இருக்க வேண்டியது, போகலாம் என்று நான்கு குவியல். மூன்றாவது குவியலுக்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. அன்பளிப்பாக வந்தது, கையெழுத்துப் போட்டது, அப்பா படித்தது எல்லாம் அதில் சேரும். ஆனால் அதற்கென்று ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு என்று எல்லை வையுங்கள். முதல் குவியலில்தான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வது. சந்தேகமான புத்தகத்தை நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் நின்றபடி படியுங்கள். மூன்றாவது பக்கத்தைப் புரட்டக் கை போனால் வைத்துக்கொள்ளலாம். போகவில்லை என்றால் பத்து வருடமாக 'படிக்க வேண்டும்' என்று வைத்திருந்தது வெறும் கடமை உணர்ச்சிதான்.

முடிவு எடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டாவது பெட்டி கிடையாது. துணைவருடைய புத்தகங்களை அவர் இல்லாத நேரத்தில் பிரிக்கவே கூடாது, அது பழைய வாரப்பத்திரிகைக் கட்டாக இருந்தாலும்.

கொடுக்க நினைப்பதை நூலகத்துக்கு அப்படியே கொண்டுபோய் இறக்காமல், முதலில் பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். பழைய பாடநூல், காலாவதியான தேர்வு வழிகாட்டி, பத்திரிகைக் கட்டு ஆகியவற்றைப் பெரும்பாலான நூலகங்கள் ஏற்பதில்லை. பூஞ்சை பிடித்ததையும் பூச்சி அரித்ததையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. நேராகப் பழைய காகிதத்துக்குத்தான்.

அலமாரி

தட்டின் ஆழம் 25 செ.மீ. இருந்தால் பெரும்பாலான புத்தகங்களுக்குப் போதும். பெரிய அளவுப் புத்தகங்களுக்கு 30 செ.மீ. தட்டு ஒன்று. அதைவிட ஆழமாகச் செய்தால் தானாகவே இரண்டு வரிசை அடுக்கத் தோன்றும். பின்வரிசை அன்றோடு மறந்துபோகும். ஏற்கெனவே ஆழமான அலமாரிதான் இருக்கிறது, இடமும் இல்லை என்றால், பின்வரிசைக்கு அடியில் 8 அல்லது 10 செ.மீ. உயரமுள்ள பலகை வைத்து உயர்த்துங்கள். தலைப்பு முன்வரிசைக்கு மேலாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றுங்கள்.

18 மி.மீ. ப்ளைவுட் தட்டுக்கு இடையில் தாங்கல் இல்லாத நீளம் 75 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மரத்தூள் பலகை என்றால் 60 செ.மீ. தட்டு தொய்கிறதா என்று பார்க்க, இரண்டு முனைகளுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் எடையைக் குறைக்கவோ நடுவில் ஒரு கால் கொடுக்கவோ வேண்டும். தோள் உயரத்துக்கு மேற்பட்ட அலமாரி எதுவானாலும் மேற்பகுதியை 'எல்' வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு முடுக்கிவிடுங்கள். குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் இது கட்டாயம்.

குளியலறையை ஒட்டிய சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், நேர்வெயில் விழும் இடம் மூன்றும் வேண்டாம். சுவருக்கும் அலமாரிக்கும் இடையில் 3 முதல் 5 செ.மீ. விட்டால் காற்று போய்வரும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 10 செ.மீ.யாவது உயரமாக இருக்க வேண்டும். தரை கழுவும் தண்ணீரும் குழாய் உடைந்து வரும் தண்ணீரும் அந்த உயரத்துக்குள்தான் பெரும்பாலும் நிற்கும். கண்ணாடிக் கதவு தூசியைத் தடுக்கும். ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவைக்கும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் திறந்து வைக்கலாம், வெளியே மழை கொட்டும் நாளில் மட்டும் வேண்டாம்.

முழங்காலுக்கும் கண்மட்டத்துக்கும் இடைப்பட்ட தட்டுகளில் அன்றாடப் புத்தகங்கள். கனமானவை இடுப்பு உயரத்தில். தட்டில் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். இறுக்கி அடைத்தால் எடுக்கும்போது அட்டை உராய்ந்து கிழியும். மிகவும் தளர்ந்தால் புத்தகங்கள் சாய்ந்து முதுகு கோணிப்போகும். பெரிய புத்தகங்களைப் படுக்கவைக்கலாம். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் போனால் அடியில் இருப்பதை யாரும் எடுக்கப் போவதில்லை.

வரிசைப்படுத்துவதில் நூலகத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. முதலில் பொருள்வாரியாக ஆறேழு பிரிவு. அதற்குள் ஆசிரியர் பெயரின் அகரவரிசை. தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை வைத்து அடுக்குங்கள். தலைப்பெழுத்தை வைத்து அடுக்கினால், ஒரே ஆசிரியர் ஓர் அட்டையில் தலைப்பெழுத்தோடும் இன்னோர் அட்டையில் இல்லாமலும் வந்து இரண்டு இடத்தில் நிற்பார்.

பட்டியல் போட ஒரு நோட்டு போதும்; கணினியில் அட்டவணையாகப் போட்டால் தேடுவது எளிது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பு வருடம், எந்தத் தட்டு என்ற நான்கு பத்திகள். இரவல் கொடுத்தால் எழுத ஐந்தாவது. பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்ணை, தொலைபேசியால் ஸ்கேன் செய்து பட்டியல் தயாரிக்கும் செயலிகள் உண்டு. அந்த எண் 2007-க்குப் பிறகு வந்த புத்தகங்களில் 13 இலக்கம். அதற்கு முன் 10 இலக்கம். 1970-க்கு முற்பட்ட பதிப்புகளில் பொதுவாக இருக்காது. பழைய புத்தகம் நிறைய உள்ளவர்கள் கையால் எழுதிவிடுவதே வேகம்.

ஈரமும் பூச்சியும்

பூச்சிமருந்து வாங்குவதற்கு முன் ஈரமானி வாங்குங்கள். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் காகிதத்துக்கு நல்லது. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். ராமபாணப் பூச்சிக்கு 75-க்கு மேல் என்றால் கொண்டாட்டம். மலிவான ஈரமானிகள் ஐந்து சதவீதம் முன்னேபின்னே காட்டும். சரிபார்க்க ஒரு வழி: சிறிய மூடியில் சமையல் உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையும் பதத்தில் வையுங்கள், கரைந்து நீராகிவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப்புகாத பையில் போட்டு இறுக மூடி, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் நிற்கும். கருவி 70 காட்டினால் அதன் கணக்கோடு எப்போதும் ஐந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஈரம் மிகுந்த மாதங்களில் விசிறியை அலமாரிப் பக்கம் திருப்பி ஓடவிடுவது பெரிய உதவி. காற்று அசைந்துகொண்டிருந்தால் மூலையில் ஈரம் தேங்காது. சிலிக்கா ஜெல் பைகள் மூடிய பெட்டிக்குள் மட்டும்தான் பலன் தரும். திறந்த அலமாரியில் போடுவது வீண்.

பூச்சியை அடையாளம் காணாமல் வைத்தியம் பார்ப்பதில் பயனில்லை. காகிதத்தின் மேற்பரப்பு தேய்த்துச் சுரண்டியதுபோல் மெலிந்து, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் ராமபாணப் பூச்சி. வெள்ளி மினுமினுப்பு, ஒரு செ.மீ. நீளம், விளக்கைப் போட்டால் ஓட்டம். அதற்குப் பசையிலும் காகிதப் பூச்சிலும் உள்ள மாவுச்சத்துதான் உணவு. சிறிய கண்ணாடிக் குப்பியின் வெளிப்புறத்தில் காகித நாடா சுற்றி, உள்ளே ஒரு சிட்டிகை மாவு போட்டு இரவில் அலமாரி ஓரத்தில் வையுங்கள். நாடாவைப் பிடித்து ஏறி உள்ளே விழும். வழுக்கும் கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. எந்தத் தட்டில் எத்தனை விழுகின்றன என்று பார்த்தாலே ஈரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பக்கங்களினூடே குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள் சுரங்கம்போல் போனால் அது துளைக்கும் வண்டின் புழு. இது வேறு ரகம்; உள்ளேயே இருந்து தின்னும். பழைய துளையா, இப்போதும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, புத்தகத்தை வெள்ளைத்தாளின் மேல் வைத்து முதுகை மெல்லத் தட்டிவிட்டு, விழுந்த தூளை அகற்றிப் புதுத்தாள் விரித்து அதன் மேல் நிற்கவையுங்கள். இரண்டு மூன்று நாளில் மாவுபோலப் புதிய தூள் விழுந்திருந்தால் புழு வேலை செய்கிறது. உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனிமைப்படுத்துங்கள்.

அதற்கு நம்பகமான வைத்தியம் குளிர். புத்தகத்தைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றை முடிந்த மட்டும் அழுத்தி வெளியேற்றி மூடி, இன்னொரு பையிலும் போட்டு, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே போகும் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். பழைய மாடல் குளிர்ப்பெட்டிகளின் சிறிய ஐஸ் அறை அந்த அளவுக்குக் குளிராது. வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காகிதத்தில் படிந்து நனைத்துவிடும். திறக்காமல் விட்டால் அந்தத் துளிகள் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். தோல் பைண்டிங், புகைப்பட ஆல்பம் இரண்டையும் இப்படிச் செய்ய வேண்டாம். குளிரில் பூஞ்சை சாகாது, உறங்கும், அவ்வளவுதான். சமையலறை ஃப்ரீஸரில் புத்தகத்துக்கு இடம் கேட்பதற்கு என்ன பேச வேண்டும் என்பதை அவரவர் வீட்டு நிலவரத்துக்கு விட்டுவிடலாம்.

புத்தகத்தைத் திறந்தவுடன் ஒரு மி.மீ. அளவில் வெளிறிய நிறத்தில் ஏதோ ஊர்ந்தால் புத்தகப் பேன். அது காகிதத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையைத்தான் அதிகம் தின்னும். மருந்து வேண்டாம், ஈரத்தைக் குறைத்தால் போய்விடும். சுவரில் மண்கோடு ஏறினால் கறையான். அந்த அலமாரியை அன்றே காலி செய்து, கறையான் ஒழிப்பவர்களைக் கூப்பிட வேண்டும். இதில் கைவைத்தியம் நேரத்தைத்தான் விரயமாக்கும்.

அந்துருண்டை பற்றி ஒரு வார்த்தை. நாப்தலீன் ஆவி பூச்சிக்கு மட்டுமா விஷம்? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்க வாய்ப்பிருக்கலாம் என்று கருதப்படுபவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். நாள்தோறும் முகத்துக்கு அருகே பிடித்து வாசிக்கும் பொருளில் அது வேண்டாம். பூச்சிக்கொல்லி ஸ்பிரேயைப் புத்தகத்தின் மேல் நேராக அடிப்பதும் அப்படித்தான், கறையும் படியும். காய்ந்த இலைகளைப் பக்கங்களுக்கிடையே வைப்பவர்கள், சில வருடம் கழித்து இலை வடிவத்திலேயே பழுப்புக் கறையைப் பார்க்கலாம்.

பூஞ்சை கண்டால் முதலில் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். துடைக்காதீர்கள். ஈரமான பூஞ்சையைத் துடைத்தால் காகித இழைக்குள் ஏறிக் கறையாகும். காற்றோட்டமுள்ள நிழலில், விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிட்டு, அது தூளான பிறகு, என்-95 முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வெயிலில் காயவைப்பது பலருக்கும் தோன்றும் வழி. வெயில் ஈரத்தை எடுக்கும், கூடவே அட்டையை வளைக்கும், பசையை உடைக்கும், தாளைப் பழுப்பாக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்த தாள் பெருகியது. அதிலுள்ள லிக்னினும் தயாரிப்பில் சேர்ந்த அமிலமும் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் தாளை நொறுக்கிவிடும்.

தண்ணீரில் நனைந்த புத்தகத்துக்குக் கெடு 48 மணி நேரம். அதற்குள் காய்ந்தாக வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் திறக்காமல் படுக்கவைத்து, மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து வடியவிடுங்கள். பிறகு 15 தாளுக்கு ஒன்றாக உறிஞ்சுதாளைச் செருகி, விசிறி முன் விரித்து நிறுத்தி, மணிக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். பளபளப்பான ஆர்ட் தாள் என்றால் காயும்போது பக்கங்கள் பாளமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. உடனே செய்ய நேரமில்லை என்றால் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

சிறு பழுதுகள்

செலோ டேப்பை வீட்டுப் புத்தக மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதன் பசை முதலில் மஞ்சளாகும், பிறகு உருகித் தாளுக்குள் இறங்கும், கடைசியில் நாடா உதிர்ந்து கறை மட்டும் நிற்கும். பழைய டேப்பைப் பிய்க்கவும் வேண்டாம்; எழுத்தோடு வரும்.

கிழிந்த பக்கத்துக்கு ஜப்பானிய மெல்லிழைத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். முழுக் கோதுமை மாவு சரிப்படாது. அதிலுள்ள புரதம் மஞ்சளாகும், பூச்சியையும் அழைக்கும். ஒரு கரண்டி ஸ்டார்ச்சை ஐந்து கரண்டித் தண்ணீரில் அரைமணி ஊறவிட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் 15, 20 நிமிடத்தில் கண்ணாடிபோல் திரளும். ஆறவிட்டு வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். இரண்டு மூன்று நாள்தான் வரும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

மெல்லிழைத் தாளைக் கத்தரியால் வெட்டாமல், தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு போட்டு, கையால் ஒரு செ.மீ. பட்டையாகக் கிழியுங்கள். ஓரத்தில் பஞ்சுபோல் இழை நிற்கும். ஒட்டு தெரியாமல் அமர்வதற்கு அந்த இழைதான் காரணம். கிழிசலின் இரு கரைகளையும் சரியாகப் பொருத்திக்கொண்டு, பட்டையில் பசையை மெல்லத் தடவி ஒட்டி, இருபுறமும் கேக் சுடப் பயன்படும் ஒட்டாத தாளும் அதற்கு வெளியே உறிஞ்சுதாளும் வைத்து, கனமான புத்தகத்தை மேலே ஏற்றுங்கள். அரைமணியில் உறிஞ்சுதாளை மாற்றி, இரவு முழுதும் எடையோடு விடுங்கள். பசை அதிகமானால் தாள் சுருங்கி அலையடிக்கும். நம்மவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான்: பசை கூடினால் பிடிப்பும் கூடும் என்ற எண்ணம்.

கெட்டி அட்டை தளர்ந்து ஆடினால், புத்தகத்தை நிற்கவைத்து அட்டையை லேசாகத் திறந்து, அமிலமற்ற பிவிஏ பசை (வெள்ளைப் பசை வகை) தடவிய பின்னல் ஊசியை முதுகோரப் பள்ளத்துக்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள். கீழ்முனையிலிருந்தும் அதேபோல். அட்டைக்கும் முதல்தாளுக்கும் இடையில் மெழுகுத்தாள் வைக்க மறந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மூடி, பள்ளத்தில் ஊசியை வெளியிலிருந்து அழுத்தி, எடை ஏற்றி ஒரு நாள் விட வேண்டும்.

பேப்பர்பேக்கில் கழன்ற தாளுக்கு, உள்விளிம்பில் ஒரு மி.மீ. அகலத்துக்கு மட்டும் பிவிஏ தடவி, உள்ளே முட்டும்வரை தள்ளி மூடினால் போதும். மூலையை மெல்ல மடித்தாலே ஒடியும் அளவுக்குத் தாள் நொறுங்கிப் போயிருந்தால் எதையும் ஒட்டாதீர்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வைத்துவிடுவதே மரியாதை. விலைமதிப்புள்ள பழம்பதிப்புக்கும் வீட்டுப் பசை ஆகாது.

கண், விளக்கு, நாற்காலி

அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. எழுத்து சிறிதாகிவிட்டது என்று பதிப்பாளரைத் திட்டுவதற்கு முன் விளக்கை அருகில் இழுத்துப் பாருங்கள். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் தாளில் விழும் வெளிச்சம் சுமார் நான்கு மடங்கு. அறை விளக்கை மாற்றுவதைவிட இது மலிவு. 800 லூமன் அளவுள்ள எல்இடி, தோளுக்குப் பின்பக்கமாக, தாளிலிருந்து அரை மீட்டரில் இருந்தால் சுகம். பென்சிலில் குறிப்பெடுப்பவர்கள் எழுதாத கையின் பக்கம் வைத்தால் நிழல் விழாது. அறையை முழு இருட்டாக்கி இந்த விளக்கை மட்டும் எரித்தால் கண் சோர்ந்துவிடும். பின்னணியில் மங்கலாக ஒன்று இருக்கட்டும்.

வாசிப்புக் கண்ணாடியின் பவருக்கும் தூரத்துக்கும் எளிய கணக்கு உண்டு: பவர் கூடினால் தூரம் குறையும். தூரப்பார்வை சரியாக உள்ளவருக்கு பிளஸ் 2.50 என்றால் 40 செ.மீ.யில் தெளிவு, பிளஸ் 2.00 என்றால் 50 செ.மீ. நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில், வழக்கமாகப் பிடிக்கும் விதத்தில் புத்தகத்தைப் பிடித்து, கண்ணிலிருந்து தாள்வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கண் பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். புரோகிரசிவ் கண்ணாடியில் வாசிக்கும் பகுதி அடியில் இருப்பதால், படுத்துக்கொண்டு வாசித்தால் கழுத்து வலிக்கும். அதற்குத் தனி வாசிப்புக் கண்ணாடி நல்லது. அவ்வப்போது ஒரு கண்ணை மூடி அச்சு வரிகளைப் பாருங்கள், பிறகு மற்றதை. நேர்வரி வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் கண்ணாடிக் கடைக்கல்ல, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கனமான புத்தகத்தைக் கையில் தாங்கி வாசிப்பதால் கட்டைவிரல் மூட்டு வலிக்கிறவர்கள் சாய்வுத் தாங்கி வைத்துக்கொள்ளலாம். மடியில் ஒரு தலையணையும் அதே வேலையைச் செய்யும். வாசிப்பு நாற்காலி வீட்டார் நடந்துபோகும் வழியில் இருந்தால், போகிறவருக்கும் இடைஞ்சல், வாசிக்கிறவருக்கும் இடைஞ்சல். ஜன்னலோரமாக, ஆனால் முகம் ஜன்னலைப் பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் நிறைய இருக்கிறது என்பதால் பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீர வேண்டும் என்றில்லை. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்கு சொல்வார்: ஐம்பது வயது வரை 50 பக்கம் படித்துப் பார்க்கலாம், அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்கள் மட்டும். 68 வயதுக்காரர் 32 பக்கத்தில் மூடி வைக்கலாம். வயதுக்குக் கிடைக்கும் சலுகைகளில் இது உருப்படியானது.

குறிப்புக்கு 2பி பென்சில். பேனா மறுபக்கம் ஊறும். ஒட்டும் சீட்டின் பசை கண்ணுக்குத் தெரியாமல் தங்கித் தூசியை இழுக்கும். ஓரத்தில் சிறு கோடு போட்டுவிட்டு, கடைசி வெற்றுத்தாளில் பக்க எண்ணும் இரண்டு சொல்லும் எழுதினால், நாலு வருடம் கழித்துத் தேடும்போது புத்தகம் முழுதும் அலைய வேண்டாம்.

வீட்டாரும் இரவலும்

நாள் முழுதும் வீட்டில் இருக்கத் தொடங்கும்போது புத்தகமும் கூடவே பரவும்: சாப்பாட்டு மேசை, சோபா கைப்பிடி, கட்டில் தலைமாடு. கைப்பிடி உள்ள ஒரு கூடை வாங்கி, இப்போது வாசிப்பவை எல்லாம் அதற்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்துக்கு மேல் கொள்ளாத அளவே நல்லது. சாப்பாட்டு நேரத்தில் கூடை நகரும், பேச்சு வராது. புதிய புத்தகம் ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும் என்ற விதியை வீட்டாரே நினைவூட்டுவார்கள், கவலை வேண்டாம்.

வாரம் ஒரு நாள் ஒரு தட்டைத் தொட்டால், இருபத்தைந்து தட்டு உள்ள வீட்டில் ஆறு மாதத்துக்குள் எல்லாப் புத்தகமும் ஒரு முறை கைக்கு வந்துவிடும். இறக்கி, விளிம்பு துடைத்து, பக்கம் ஓட்டி, திரும்ப அடுக்க அரைமணி ஆகும். இடையில் எதையாவது திறந்து படிக்க உட்கார்ந்துவிட்டால் ஒன்றரை மணி.

பட்டியலின் ஒரு பிரதியைப் பிள்ளைகளிடமோ நம்பிக்கையானவரிடமோ கொடுத்து, எவை விலைமதிப்புள்ளவை, எவை யாருக்கு, மீதியை எந்த நூலகத்திடம் கேட்கலாம் என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். அப்படி ஒரு பக்கம் இல்லாமல்தான் நல்ல சேகரிப்புகள் எடைக்குப் போகின்றன.

இரவல் கொடுப்பது நல்ல பழக்கம், புத்தகம் கைக்குக் கை நடமாடும். கேட்டவர் கையில் புத்தகத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே பட்டியலின் ஐந்தாவது பத்தியில் பெயரும் தேதியும் எழுதுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை. மூன்று மாதம் ஆனதும் "புத்தகம் எங்கே?" என்று கேட்காமல், "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். படித்தவர் பேசத் தொடங்குவார், படிக்காதவர் அடுத்த வாரமே திருப்பித் தருவார். வருடம் இரண்டாகியும் வராத புத்தகத்தின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, தட்டில் அந்த இடத்தை வேறு புத்தகத்துக்குக் கொடுத்துவிடலாம்.